19 அடிப் படகில் டவுன்ரிகர்: எஃகுக் கம்பியா, பின்னல் நூலா, குண்டுக்கு மேலே என்ன கட்டுவது?

பாகம்பத்து (வத்தளை):

வணக்கம். நானும் என் மைத்துனரும் சேர்ந்து வைத்திருக்கும் 19 அடிக் கண்ணாடியிழைப் படகில், கையால் சுழற்றும் டவுன்ரிகர் இரண்டைப் பொருத்தப் போகிறோம். படகு நிற்பது திக்கோவிட்டத் துறைமுகத்தில். இயந்திரம் 40 குதிரைவலு. சோழகக் காற்று ஓய்ந்து கடல் படிந்துவிட்டதால் வார இறுதிகளில் விடியற்காலையிலேயே புறப்பட்டு, 12 முதல் 20 பாகம் (ஒரு பாகம் ஆறடி) வரை ஆழமுள்ள இடங்களில் அறுக்குளாவையும் பாரையையும் சீலாவையும் தேடி ஓடுகிறோம். மேல்நீரில் இழுக்கிற இரைக்குச் சிறு சூரைதான் வருகிறது. எக்கோ சவுண்டரிலோ மீன் கூட்டம் 10 பாகத்துக்குக் கீழே தடித்துத் தெரிகிறது. அதனால்தான் இந்த முடிவு.

இதைப் பார்த்திராதவர்களுக்கு: படகின் விளிம்பில் ஓர் உருளை, அதில் சுற்றிய கம்பி, வெளியே நீளும் ஒரு கை, அதன் நுனியில் கப்பி, கம்பியின் முனையில் நாலைந்து கிலோ ஈயக்குண்டு. குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப். தூண்டில் கோலின் நூலை அந்தக் கிளிப்பில் மாட்டிக் குண்டோடு ஆழத்துக்கு இறக்குகிறோம். மீன் இரையைப் பற்றி இழுத்ததும் நூல் கிளிப்பிலிருந்து விடுபடும். பிறகு மீனுக்கும் நமக்கும் இடையே ஈயத்தின் பாரம் இருக்காது.

என் கேள்விகள் இவை. கருவியோடு வந்திருப்பது 68 கிலோ தாங்கும் எஃகுக் கம்பி. அதை வைத்துக்கொள்வதா, பின்னல் நூலுக்கு மாற்றுவதா? குண்டு எத்தனை கிலோ? கிளிப்பைக் குண்டில் கட்டுவதா, கம்பியில் கட்டுவதா? படகின் விளிம்பு மெலிந்தது. அது தாங்குமா?


முகத்துவாரத்தான்:

தம்பி, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல்தான். அப்பா காலத்தில் ஈயம் கட்டிய கைத்தூண்டிலைப் படகின் பின்னால் இழுத்து அறுக்குளா பிடித்தார்கள். இப்போதும் பிடிக்கிறோம். அதற்காக உங்கள் கருவி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஈயம் நூலிலேயே இருந்தால் மீன் பாய்ந்து தலையை உதறும்போது அந்தப் பாரமே தூண்டிலைக் கழற்றிவிடும். கருவியில் அந்தக் குறை இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். என்ன வேகத்தில் ஓடுவீர்கள்? மேல்நீரில் கீளவல்லைக்கு ஓடுகிற வேகத்தில், அதாவது மணிக்கு 6, 7 கடல்மைலில், ஓடினால் உங்கள் குண்டு ஆழத்தில் நிற்காது. பின்னால் பறக்கும்.

இன்னொன்று. மழை பெய்து களனி கங்கை கலங்கி வந்த மறுநாள் திக்கோவிட்டவுக்கும் முகத்துவாரத்துக்கும் எதிரே இறக்காதீர்கள். ஆற்றுவாழையும் கந்தல் பையும் கம்பியில் வந்து மாட்டி, வழுக்கிக்கொண்டே கீழே இறங்கிக் கிளிப்பில் போய் நிற்கும். மீன் அடித்ததுபோல நூல் விடுபடும். ஒரு காலை முழுதும் ஏற்றி இறக்குவதிலேயே போய்விடும். ஆற்று நீரும் கடல் நீரும் சந்திக்கிற கோடு கண்ணுக்கே தெரியும். அதற்கு வெளிப்புறம் தெளிந்த பக்கத்தில் ஓடுங்கள்.


பட்டறை:

பாகம்பத்து, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

உங்கள் குண்டு எப்போதாவது அடியில் மாட்டத்தான் போகிறது. கொழும்புக்கு எதிரே அடித்தரை முழுதும் மணல் அல்ல. கரைக்குச் சமாந்தரமாகக் கற்பார்கள் ஓடுகின்றன. ஆகவே இந்தக் கருவியைப் பொருத்துகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, மாட்டினால் எது முதலில் இளக வேண்டும், அடுத்து எது அறுக வேண்டும், எது எந்த நிலையிலும் அசையக் கூடாது என்பதை. இதை நீங்கள் தீர்மானிக்காவிட்டால் கடல் தீர்மானிக்கும். அநேகமாக அது விளிம்போடு பெயர்த்துக்கொண்டு போகும்.

என் வரிசை இது. எல்லாவற்றுக்கும் முன்னால் உருளையின் பிரேக் வழுக்க வேண்டும். அடுத்து, குண்டுக்கும் கம்பிக்கும் இடையே கட்டிய தங்கூசி, அதாவது நைலோன் இழை, அறுக வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்பி. கருவியின் அடித்தட்டும் படகின் விளிம்பும் அசையவே கூடாது.

பிரேக்கை உத்தேசமாக வைக்காதீர்கள். மீன் நிறுக்கிற கொக்கித் தராசைக் கம்பியின் முனையில் மாட்டி, நிதானமாக இழுத்துப் பாருங்கள். நாலரைக் கிலோ குண்டுக்கு 10 கிலோ இழுப்பில் உருளை வழுக்கத் தொடங்கினால் சரி. அலையில் படகு தூக்கிப் போடும்போது குண்டின் இழுப்பு அதன் எடையைவிட அதிகமாகும். அதற்கு இந்த இடைவெளி வேண்டும். உப்பு இறுகினால் பிரேக்கும் இறுகும். ஆகவே ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் தராசைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இடையில் கட்டுவது ஒரு சாண் நீளத் தங்கூசி. ஒற்றை இழை. 27 கிலோ அளவு போதும். கம்பி தாங்குவது 68 கிலோ என்றீர்கள். அதில் பாதிகூட இல்லாத இழை முதலில் அறுவது நிச்சயம். கிளிப்பை இந்தத் தங்கூசிக்கு மேலே, கம்பியில்தான் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் குண்டு போனாலும் கிளிப்பும் கம்பியும் இரையும் உங்களிடம் திரும்பி வரும்.

இனி விளிம்பு. 19 அடிப் படகின் விளிம்பு மனிதன் சாய்ந்து நிற்கச் செய்தது. கருவியின் கை வெளியே நீண்டிருப்பதால், முனையில் விழும் சிறு பாரமும் அடித்தட்டில் பெரிய நெம்புதலாக வந்து சேரும். மேலிருந்து திருகாணி போட்டுவிட்டு நம்பியிருக்க முடியாது. ஊடுருவும் போல்ட் போட்டு, கீழே 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் அல்லது அலுமினியத் தகடு வைத்து முறுக்குங்கள். கீழ்த்தகடு மேல்தட்டைவிட அகலமாக இருக்கட்டும். துளையின் உள்விளிம்பில் ரெசின் பூசாமல் போல்ட்டைச் செருகாதீர்கள். நீர் இழைக்குள் இறங்கினால் இரண்டு வருடத்தில் அந்த இடம் மெத்தென்று இளகிவிடும். போல்ட் 316 தரத் துருவேறா எஃகாக இருக்க வேண்டும். பழைய சோனகத் தெருவில் 304ஐயும் அதே பளபளப்போடு விற்கிறார்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. தலையில் பொறித்த எழுத்தைப் பாருங்கள். உப்பு நீரில் 304 சீக்கிரமே செம்புள்ளி வைக்கும். அலுமினியத் தகட்டில் எஃகு போல்ட் நேரே தொடக் கூடாது. இடையில் நைலோன் வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.


உப்புக்காற்று (கல்கிசை):

பட்டறை ஐயா சொன்ன வரிசையோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கம்பியை மட்டும் மாற்றச் சொல்லுவேன். எங்கள் படகில் பின்னல் நூல்தான்.

காரணம் பாதுகாப்பு. குண்டு மாட்டி, பிரேக்கும் சிக்கி, அலை பின்புறமாக ஏறுகிற நேரத்தில் எஃகுக் கம்பியைக் கத்தியால் அறுக்க முடியாது. வெட்டுக்குறட்டைத் தேடிக்கொண்டிருக்கவும் நேரம் இருக்காது. பின்னல் நூலானால் விளிம்பில் செருகி வைத்த கத்தியை ஒரு முறை இழுத்தால் போதும். சிறிய படகில் பின்பக்கம் தாழ்ந்தால் நீர் உள்ளே வர அதிக நேரம் எடுக்காது.

எஃகுக் கம்பி ஒரு முறை மடிந்தால் அந்த இடம் செத்த இடம். நிமிர்த்தினாலும் பலம் திரும்பாது. பின்னல் நூல் மடிவதில்லை, இரைவதில்லை, துருப்பிடிப்பதில்லை. ஓடும்போது கம்பி போடுகிற ரீங்காரத்தை அருகில் இருந்து கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

குறையும் இருக்கிறது. கல்லில் உரசினால் பின்னல் நூல் சீக்கிரம் நைந்துவிடும். கப்பியின் காடியில் சிறு கீறல் இருந்தாலும் அறுபடும். கம்பிக்காகச் செய்த கப்பியை அப்படியே பயன்படுத்தாமல் விரலைக் காடிக்குள் விட்டுச் சுற்றிப் பாருங்கள். நகத்தில் தட்டுப்பட்டால் மாற்றுங்கள். முனையிலிருந்து இரண்டு பாகத்தை அவ்வப்போது வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.


முகத்துவாரத்தான்:

பிள்ளை சொன்னது சரி. ஆனால் சீலாவும் அறுக்குளாவும் நிறைந்த இடத்தில் அந்த வெள்ளை நூலைக் கடித்துவிடாதா? நீரில் ஓடுகிற எதையும் அறுக்குளா வெட்டிப் பார்க்கும். கயிற்றில் குமிழி ஓடினாலே போதும்.


உப்புக்காற்று (கல்கிசை):

வெட்டும், அண்ணா. மறுக்கவில்லை. அதனால்தான் வெள்ளையோ மஞ்சளோ வேண்டாம் என்று கருமை கலந்த பச்சை வாங்கினோம். கிளிப்புக்கு மேலே ஓரிரண்டு பாகத்துக்கு மட்டும் எஃகுக் கம்பி போட்டு, அதற்கு மேல் பின்னல் நூலை இணைப்பவர்களும் உண்டு. அடியில் உரசுவதும் பல் படுவதும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். கத்தி வைக்க வேண்டிய மேல்பகுதி நூலாக இருந்தால் எனக்குப் போதும்.


நீர்கொழும்புச் சீலா:

நான் எஃகின் பக்கம். கற்பாரில் ஓடுகிறவனுக்கு நூல் கட்டுபடியாகாது. வெட்டுக்குறட்டை ஒரு கயிற்றில் கட்டி டவுன்ரிகரின் காலிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். தேட வேண்டியதில்லை.

எஃகுக்குப் போகிறவர்கள் முனையைச் சரியாகக் கட்ட வேண்டும். கம்பிக்கு முடிச்சுப் போடவே கூடாது. கிரிம்ப் குழலில் (அமுக்கிப் பூட்டும் சிறு உலோகக் குழல்) கம்பியைச் செருகி, திம்பிள் என்கிற கண் வளையத்தைச் சுற்றி வளைத்து, மறுபடி அதே குழலுக்குள் திருப்புங்கள். குழலுக்கு வெளியே வால் ஒரு நெல்மணி நீளம் எட்டிப் பார்க்கட்டும். உள்ளே மறைந்திருந்தால் அது வழுக்கி வருவது கண்ணுக்குத் தெரியாது. அதற்கான குறட்டால் மூன்று இடத்தில் அமுக்குங்கள். குழலின் இரு ஓரங்களையும் அமுக்காமல் விடுங்கள். ஓரத்தை நசுக்கினால் அதுவே கத்தியாகிக் கம்பியின் இழைகளை அறுக்கும். சாதாரணக் குறட்டின் வாயால் நசுக்கியதை நம்பாதீர்கள்.

இணையத்தில் எஃகுக் கம்பியின் மின்னழுத்தம் மீனை விரட்டும், கவரும் என்று நீண்ட நீண்ட கட்டுரைகள் கிடக்கின்றன. டவுன்ரிகர் பெருகியது அமெரிக்காவின் பேரேரிகளில். மிச்சிகன் ஏரியில் 1966இல் கோஹோ சால்மன் குஞ்சுகள் விடப்பட்ட பிறகு அந்த மீனைத் துரத்தியே இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்தது. கையேடுகள் எல்லாம் அந்த மீனுக்கும் அந்த நீருக்கும் எழுதியவை. நம் அறுக்குளாவுக்கு அதை அப்படியே பொருத்தாதீர்கள். படகின் உலோகம் அரிக்காமல் காக்கும் துத்தநாகக் கட்டியைத் தேயுமுன் மாற்றுங்கள். அவ்வளவு போதும்.


பாகம்பத்து (வத்தளை):

எல்லோருக்கும் நன்றி. முகத்துவாரத்து அண்ணனின் கேள்விக்கு: மணிக்கு 3 கடல்மைல். நீரோட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டுவோம், குறைப்போம்.

ஆழம் பற்றி ஒரு சந்தேகம். இறங்கிய கம்பியின் நீளத்தைக் காட்டும் மானி 30 மீற்றர் என்று காட்டுகிறது. கம்பியோ நேரே இறங்காமல் பின்னால் சாய்கிறது. அப்படியானால் குண்டு உண்மையில் எங்கே இருக்கிறது? ஈயத்தின் விலையைப் பார்த்து என் மைத்துனர் சீமெந்தில் குண்டு வார்க்கலாம் என்கிறார். செய்யலாமா?


நீர்கொழும்புச் சீலா:

கணக்கு எளிது. கம்பி நிலைக்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் 30 மீற்றர் கம்பிக்கு ஆழம் 26 மீற்றர். 45 பாகை சாய்ந்தால் 21 மீற்றர். ஒரு மட்டத்தில் பாகைமானியை ஒட்டி வைத்துக்கொண்டால் கடலிலேயே பார்க்கலாம்.


பட்டறை:

சீலா சொன்ன கணக்கு கம்பி நேர்கோடாக இருந்தால் பொருந்தும். நீரில் அது வில்லாக வளைகிறது. குண்டுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய நிமிர்ந்து, மேலே வர வர நீரின் இழுப்புச் சேர்ந்து சேர்ந்து சாய்வு கூடுகிறது. நாம் படகிலிருந்து பார்ப்பது மிக அதிகமாகச் சாய்ந்த பகுதியை. ஆகவே உண்மை ஆழம் 26 மீற்றரைவிட அதிகம், 30ஐவிடக் குறைவு. கற்பாருக்கு மேலே ஓடும்போது இந்த வித்தியாசம்தான் குண்டை வாங்கிக்கொண்டு போகும். 26 என்று நம்பி 28இல் இருக்கிற கல்லின் மேல் ஓடாதீர்கள்.

நல்ல வழி, கணக்கை விட்டுவிட்டுக் கடலிடமே கேட்பது. எக்கோ சவுண்டரில் மட்டமான மணல்தரை என்று உறுதியாகத் தெரிகிற 20 மீற்றர் இடத்துக்குப் போங்கள். வழக்கமான வேகத்தில் ஓடிக்கொண்டே குண்டை மெல்ல இறக்குங்கள். தரை தொட்டதும் டவுன்ரிகர் கையின் நுனி சட்டென்று நிமிர்ந்து துடிக்கும். அப்போது மானி காட்டும் எண்ணை எழுதிவைத்துக்கொண்டு உடனே தூக்கிவிடுங்கள். மானி 22 காட்டினால் அந்த வேகத்துக்கு, அந்தக் குண்டுக்கு, அந்த ஆழத்தில் 2 மீற்றர் கழிவு. வேறு ஆழத்திலும் ஒரு முறை செய்து பாருங்கள். விகிதம் மாறும்.

நீரின் இழுப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 2 கடல்மைலிலிருந்து 4க்குப் போனால் இழுப்பு நாலு மடங்கு. குண்டில் ஒரு கிலோ கூட்டி அதைச் சமாளிக்க முடியாது. 3 கடல்மைலுக்கு நாலரை முதல் ஐந்தரைக் கிலோ ஈயம் போதும். அதற்கு மேல் வேண்டும் என்று தோன்றினால் குண்டை விட்டுவிட்டு வேகத்தைக் குறையுங்கள்.

சீமெந்து வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 5 கிலோ ஈயம் கடல் நீருக்குள் நாலரைக் கிலோவுக்குச் சற்று மேலாக நிறுக்கும். 5 கிலோ சீமெந்துக் கட்டி நீருக்குள் மூன்று கிலோகூட வராது. அதோடு ஈயத்தைவிட நாலரை மடங்குக்கு மேல் பருத்திருப்பதால் நீர் அதைப் பிடித்துப் பின்னால் தள்ளும். பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் வார்ப்பிரும்பைப் பாருங்கள். அது ஈயத்தைவிட ஒன்றரை மடங்கு பருமன்தான். துருவுக்கு எபொக்சிப் பூச்சுப் போடலாம். மாட்டித் தொலைகிற இடங்களில் ஈயத்தைக் கடலடியில் விட்டுவராமல் இரும்பை விட்டுவருவது எனக்குச் சரியாகப் படுகிறது.


நீர்மூழ்கி:

மீன்பிடிக்கிறவன் அல்ல, கீழே போய்ப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கொழும்புக்கு எதிரே மூழ்கிய கப்பல்கள் நிறைய. 1917 பெப்ரவரியில் ஜெர்மனியின் 'வூல்ஃப்' என்ற போர்க்கப்பல் விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளில் 'வூஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' என்ற இரண்டு கப்பல்கள் இங்கேதான் போயின. 2012இல் பாணந்துறைக்கு எதிரே 'தெர்மோபிலி சியரா' மூழ்கியது. பாரையும் சீலாவும் கூட்டமாக நிற்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். எல்லோரும் அவற்றைத் தேடி வருவது ஏன் என்பது புரிகிறது.

ஆனால் அந்த இரும்பின்மேல் நான் பார்ப்பது வலைத்துண்டு, தங்கூசிச் சுருள், அறுந்த கம்பி. ஒரு பாரை தங்கூசிச் சுருளில் செவுள் மாட்டி, உயிரோடு, அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்ததைக் கண்டேன். கம்பிச் சுருள் மீனுக்கும் கெடுதி, எங்களுக்கும் கெடுதி. தயவுசெய்து கப்பலுக்கு மேலே குறுக்காக ஓடாதீர்கள். அதன் ஓரத்தைச் சுற்றி, மணல் பக்கமாக, அதன் உச்சிக்கும் மேலான ஆழத்தில் ஓடுங்கள். மீன் வெளியே வந்து அடிக்கும். பட்டறை சொன்ன தங்கூசி இணைப்பு எனக்கு இன்னொரு காரணத்துக்காகவும் பிடித்திருக்கிறது. மாட்டினால் குண்டு மட்டும் கீழே கிடக்கும். முப்பது மீற்றர் கம்பி கிடக்காது.

மிதவை போட்டு நீர்மூழ்கிப் படகு நிற்பதைக் கண்டால் விலகிப் போங்கள். கீழே ஆட்கள் இருப்பார்கள்.


பாகம்பத்து (வத்தளை):

அந்தப் பாரையைப் பற்றிப் படித்த பிறகு மைத்துனரிடம் கம்பிக் கணக்கை மறுபடி பேசினேன். கப்பல்களின் பக்கமே போவதில்லை என்று முடிவு.

அடுத்து, நூலைக் கிளிப்பில் மாட்டுகிற முறையும் இறக்குகிற முறையும் யாராவது சொல்லுங்கள். எங்கள் ரீலில் இருப்பது பின்னல் நூல். அது கிளிப்பின் இறப்பர் வாயில் நிற்காமல் வழுக்குகிறது.


உப்புக்காற்று (கல்கிசை):

பின்னல் நூல் வழுக்கத்தான் செய்யும். அதை மேலும் இறுக்கினால் சிறிய மீன் அடித்தாலும் விடுபடாமல், நீங்கள் அறியாமலே அதை நெடுநேரம் இழுத்துக்கொண்டு போவீர்கள். இறப்பர் வளையம் போடுங்கள். கடையில் காசுக்கட்டுக்குப் போடுகிற சாதாரண வளையம். அதை நூலின் குறுக்கே வைத்து, ஒரு முனையை மறுமுனைக்குள் நுழைத்து இழுத்தால் நூலை இறுகக் கவ்விக்கொள்ளும். மறுமுனையைக் கிளிப்பில் மாட்டுங்கள். மீன் அடித்தால் வளையம் அறுந்து நூல் விடுபடும். வெயிலில் கிடந்த வளையம் வெடித்துப்போகும். ஒரு போத்தலில் மூடி வையுங்கள். அறுந்த துண்டுகள் கடலில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்குகிற முறை: படகு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் இரையை மட்டும் பின்னால் விட்டு, அது சரியாக நீந்துகிறதா என்று பக்கத்திலேயே பாருங்கள். சுழன்றால் ஆழத்திலும் சுழலும். பிறகு எட்டுப் பத்து மீற்றர் விட்டு, அங்கே வளையத்தைப் போட்டுக் கிளிப்பில் மாட்டுங்கள். ரீலின் பிடியைத் தளர்த்தி, ஒரு கட்டைவிரலை ரீலின் உருளையில் வைத்துக்கொண்டு, மறுகையால் குண்டைப் பிரேக்கில் பிடித்துப் பிடித்து இறக்குங்கள். சடாரென்று விட்டால் இரை குண்டோடு சேர்ந்து தொங்கி, நூல் கம்பியைச் சுற்றிக்கொள்ளும். ஆழம் வந்ததும் கோலைத் தாங்கியில் செருகி, கோல் நன்றாக வளையும்வரை ரீலைச் சுற்றுங்கள்.

அந்த வளைவைத்தான் இனிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மீன் அடித்தால் கோல் விறைத்து நிமிரும், அடுத்த கணம் வளையும். நிமிர்ந்த கணத்தில் நூல் தளர்ந்திருக்கும். கோலை வெட்டி இழுக்காமல் ரீலை மட்டும் வேகமாகச் சுற்றுங்கள். பாரம் தெரிந்த பிறகு கோலைத் தூக்குங்கள். அதற்குள் இன்னொருவர் குண்டை மேலே ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மீன் அதைச் சுற்றும்.


முகத்துவாரத்தான்:

இரையைப் பற்றி நான் சொல்கிறேன். முரலோ கும்பளாவோ கட்டினால் தூண்டிலைத் தலையில் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். அறுக்குளா தலையைத் தொடாது. வாலோரம் வெட்டிவிட்டுப் போகும். பாதி இரைதான் திரும்பி வரும். தலைத்தூண்டிலிலிருந்து ஒரு துண்டு ஒற்றைக் கம்பி விட்டு, வாலுக்கு முன்னால் இரண்டாவது தூண்டில் போடுங்கள். அது இரையை இழுத்துப் பிடிக்காமல் தளர்வாக இருக்க வேண்டும். இறுகினால் இரை வளைந்து சுழலும். நூலுக்கும் தூண்டிலுக்கும் இடையே ஒரு முழம் கம்பி கட்டாயம்.

திரும்பும்போது பெரிய வட்டமாகத் திரும்புங்கள். இரண்டு பக்கமும் குண்டு இருக்கிறதல்லவா? உள்வட்டத்துப் பக்கம் வேகம் குறைந்து குண்டு தாழும். வெளிவட்டத்துப் பக்கம் மேலே எழும். சட்டென்று ஒடித்தால் உள்பக்கத்துக் கம்பி இயந்திரத்தின் விசிறிக்கே வரும். ஆனால் உள்பக்கத்து இரை தாழ்ந்து தளரும் அந்த நேரத்தில்தான் பல தடவை மீன் அடிக்கும். ஆகவே திருப்பத்தில் கோலைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

குண்டு நீரில் இருக்கும்போது பின்னோக்கி ஓட்டவே கூடாது.


பாகம்பத்து (வத்தளை):

எழுதிவைத்துக்கொண்டேன். எங்கள் திட்டம் இது. இடப்பக்கம் எஃகு, வலப்பக்கம் பின்னல் நூல். ஒரு பருவம் இரண்டையும் பார்ப்போம். குண்டு நாலரைக் கிலோ வார்ப்பிரும்பு. 27 கிலோ தங்கூசியை ஒரு வளையமாக முடிந்து, ஒரு புறம் கம்பியின் கொக்கியிலும் மறுபுறம் குண்டின் கண்ணிலும் மாட்டிவிடுகிறோம். கிளிப் அதற்கு மேலே, கம்பியில். விளிம்பில் பிளைவுட் வைத்து 316 போல்ட். சரிதானே?


பட்டறை:

ஒன்றைத் தவிர எல்லாம் சரி. தங்கூசியை வளையமாக முடிந்து இரண்டு புறமும் மாட்டினால் பாரத்தை இரண்டு இழைகள் பகிர்ந்துகொள்ளும். 27 கிலோ இழை 50 கிலோவை நெருங்கிவிடும். பின்னல் நூல் போடப் போகிற வலப்பக்கத்தில், அந்த நூல் கொஞ்சம் நைந்திருந்தால் நூலும் இணைப்பும் ஒரே பலத்துக்கு வந்து, எது முதலில் அறும் என்று சொல்ல முடியாமல் போகும். ஒற்றை இழை என்று முன்பு சொன்னது அதற்காகத்தான். ஒரு துண்டை எடுத்து இரு முனையிலும் சிறு கண் போட்டு, நடுவில் ஒற்றை இழையாகவே விடுங்கள். முடிச்சில் தங்கூசியின் பலம் இன்னும் குறையும். அதனால் ஒன்றிரண்டை வீட்டிலேயே தராசில் மாட்டி அறுத்துப் பாருங்கள். 20 கிலோவுக்குக் கீழே அறுந்தால் ஒரு படி தடித்தது வாங்குங்கள். வெயிலும் உப்பும் பட்டால் தங்கூசி வெளிறிச் சொரசொரப்பாகும். அப்படிக் கண்டதும் மாற்றுங்கள்.

மாட்டினால் செய்ய வேண்டியதை இருவரும் கரையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தை உடனே நியூட்ரலுக்குக் கொண்டுவருங்கள். பிரேக்கைத் தளர்த்திக் கம்பியை ஓடவிடுங்கள். படகின் முன்பக்கத்தை மாட்டிய இடத்துக்குத் திருப்பி, கம்பி விசிறிக்கு வராதபடி பக்கவாட்டில் வைத்துக்கொண்டு அதற்கு நேர் மேலே போங்கள். அங்கிருந்து நிலைக்குத்தாகச் சுற்றினால் பாதித் தடவைக்கு மேல் கழன்று வரும். வராவிட்டால் பிரேக்கை இறுக்கிப் படகை மெல்ல முன்னே விடுங்கள். தங்கூசி அறும். கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்க ஒருவரையும் விடாதீர்கள், கையுறை போட்டிருந்தாலும். மத்தியானம் கடற்காற்று எழும்பிய பிறகு இதைச் செய்ய நேர்ந்தால் பிரேக்கோடு மல்லுக்கட்டாமல் வெட்டிவிட்டு வாருங்கள்.

டவுன்ரிகரின் அடித்தட்டிலிருந்து படகின் உட்பக்கத்து வளையத்துக்கு ஒரு காப்புக்கயிறும் கட்டுங்கள். கருவியின் பிடியில் அல்ல, போல்ட் இறங்கும் தட்டில்.


முகத்துவாரத்தான்:

ஞாயிறு விடியற்காலை வருகிறீர்கள் என்றால் நான் திக்கோவிட்டவில் ஐஸ் ஏற்றிக்கொண்டு நிற்பேன், தம்பி. உங்கள் கருவியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முரல் வாங்காமல் வாருங்கள், நான் வைத்திருக்கிறேன்.